காலை நாடி 96, ஓட்டம் நின்றுவிட்டது: கிரேவ்ஸ் நோய் வந்தும் திரும்ப ஓடியவர்கள் இருக்கிறீர்களா?

தக்கலை டீச்சர் · ஏப்ரல் 12, காலை 5:10

வழக்கமாக இந்த நேரத்தில் நான் உதயகிரிக் கோட்டை வாசலைத் தாண்டியிருப்பேன். இன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “இன்றைக்குப் போகவில்லையா டீச்சர்?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு 39 வயது. கணக்கு ஆசிரியை. ஆறு வருடமாக ஓடுகிறேன். ஜனவரியில் என் நான்காவது அரை மாரத்தானை 2 மணி 9 நிமிடத்தில் முடித்தேன். நான் ஓடியதிலேயே நல்ல நேரம் அதுதான். அடுத்த ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு 42.2 கிலோமீட்டர் ஓடுவதென்று முடிவு செய்து, வாரவாரியாக அட்டவணை போட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன்.

பிப்ரவரியில் எடை இறங்கத் தொடங்கியது. 58 கிலோ 54 ஆனது, பிறகு 51. சாப்பாட்டைக் குறைக்கவில்லை. முன்பைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் பதினோரு மணிக்கே சோற்றுப் பாத்திரம் காலியாகிவிடும். ஒரு கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டு, எப்படி இவ்வளவு மெலிந்தாய் என்று கேட்டார்கள். “ஓட்டம்தான்” என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மார்ச்சில் 6 கிலோமீட்டரைக்கூட முடிக்க முடியவில்லை. மின்விசிறிக்கு அடியிலும் வியர்வை. மார்ச் மாதப் புழுக்கம் நம் ஊருக்குப் புதிதா என்று விட்டுவிட்டேன். கரும்பலகையில் முக்கோணம் வரைந்தால் கோடு நெளிகிறது. முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, “டீச்சருக்குக் குளிருகிறதா?” என்று கேட்டாள். குமாரகோவில் படிகளில் பாதியில் தொடை விட்டுப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 21 கிலோமீட்டர் ஓடிய தொடை! கண் விழித்ததும் படுக்கையிலேயே எண்ணும் நாடி எனக்கு 56 இருக்கும். மார்ச் கடைசியில் அது 96.

முதலில் பார்த்த மருத்துவர், மனப்பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். பத்து நாள் அதில் போனது. இரண்டாவது மருத்துவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 0.01-க்கும் கீழே. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் மிக அதிகம். எதிர்ப்புரதப் பரிசோதனையும் ‘இருக்கிறது’ என்று வந்தது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்.

கார்பிமசோல் 30 மி.கி., புரோப்ரனலால் 20 மி.கி. மூன்று வேளை. “ஓடக் கூடாது. எப்போது ஓடலாம் என்று நான் சொல்கிறேன்” என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். “நாள் கணக்கு இல்லை, மாதக் கணக்கு” என்றார்.

மாமியார், “ஓடி ஓடித்தான் வந்தது” என்கிறார். அவர் குத்திப் பேசுகிறவர் இல்லை, பயத்தில் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஓடியதால் வந்ததா? இதே நோய் வந்து மறுபடியும் ஓடியவர்கள் இங்கே யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

வடசேரி அண்ணாச்சி · ஏப்ரல் 12, காலை 5:52

தங்கச்சி, பிப்ரவரியில் அண்ணா விளையாட்டரங்கில் உங்களைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாரத்தான் பயிற்சி கடுமையாக நடக்கிறது என்று நினைத்து, “உடம்பு நன்றாக இறங்கியிருக்கிறது” என்று பாராட்டிவிட்டுப் போனேன். முப்பது வருடம் ஓடியவன் அன்று நின்று நான்கு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

முழங்கால், குதிகால், தொடைப் பிடிப்பு பற்றி என்னிடம் கேட்டால் சொல்வேன். சுரப்பி பற்றி எனக்குத் தெரியாது, ஆகவே மருந்தைப் பற்றி வாய் திறக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: பயிற்சி நோட்டை மூடி வைக்காதீர்கள். கிலோமீட்டர் எழுதிய இடத்தில் காலை நாடி, எடை, தூங்கிய மணி, எத்தனை படி ஏறினீர்கள் என்று எழுதுங்கள். முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம்.

குலசேகரம் செவிலி · ஏப்ரல் 12, இரவு 9:30

இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், ஓடியதால் வரவில்லை. முதலில் இதை உங்கள் மாமியாரிடம் வாசித்துக் காட்டுங்கள். நோயோடு போராட உடல் செய்யும் எதிர்ப்புரதங்களில் ஒரு வகை, வழி தவறித் தைராய்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதை இரவும் பகலும் முடுக்குகிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ‘போதும்’ என்று தன் டி.எஸ்.எச்.சை நிறுத்திவிட்டது. அதனால்தான் சீட்டில் 0.01. வழக்கமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது அது. ஆனால் இங்கே முடுக்குகிற கை வேறு. பிட்யூட்டரி நிறுத்தினாலும் தைராய்டு நிற்காது. 1835-இல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் விவரித்த நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது, அதுவும் உங்கள் வயதை ஒட்டித்தான். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு இருந்திருந்தால் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் அம்மா வழியில் கேட்டுப் பாருங்கள்.

ஏன் ஓடக் கூடாது? நீங்கள் தூங்கும்போதே உங்கள் இதயம் நடைப்பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஓட்டத்தையும் ஏற்றினால் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். உடல் உள்ளுக்குள் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகிறது. நம் கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலராது, வெப்பம் வெளியே போகாது. குமாரகோவில் படியில் தொடை விட்டுப்போனது பயிற்சிக் குறைவால் இல்லை. இந்த ஹார்மோன் மிகுந்தால் தசையையே கரைத்து எரிக்கிறது, இடுப்பையும் தொடையையும் ஒட்டிய பெரிய தசைகளில்தான் அது முதலில் தெரியும். எலும்பின் சுண்ணாம்பும் குறைகிறது.

கார்பிமசோல் புதிதாகச் சுரப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்து கிடப்பது தீர வாரங்கள் ஆகும். அதுவரை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கத்தான் புரோப்ரனலால். ஆஸ்துமா இருந்தால் அதை உடனே மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொன்னீர்களா?

இதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே ரத்த அணுப் பரிசோதனை செய்ய வேண்டும். மிக அரிதாக வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். ‘மழைக்கால ஜலதோஷம்’ என்று கஷாயம் வைத்துக் குடித்துக் காத்திருந்த ஒருவரை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்தார், ஆனால் எங்களை நடுங்கவைத்துவிட்டார்.

இன்னொரு கேள்வி: முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?

தக்கலை டீச்சர் · ஏப்ரல் 13, காலை 5:05

சாப்பிட்டேன்! பிப்ரவரி முதல் தினம் ஒன்று. முடி கொத்துக்கொத்தாக வந்தது. ஏன் கேட்கிறீர்கள்? ஆஸ்துமா இல்லை. என் சித்திக்குத் தைராய்டு அறுவை நடந்ததாக அம்மா நேற்று இரவு சொன்னார். இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

குலசேகரம் செவிலி · ஏப்ரல் 13, காலை 8:15

பரிசோதனைக்கூடங்களில் பல முறைகளில் பயோட்டின் குறுக்கே வந்து முடிவைக் குழப்பும். தைராய்டு சரியாக இருப்பவருக்கே டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம் என்று காட்டக்கூடும். உங்களுக்குக் கை நடுக்கம், நாடி, எடை எல்லாம் நோயைத்தான் சொல்கின்றன. இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தால் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

மணவை கடற்கரை · ஏப்ரல் 13, மாலை 6:40

மணவாளக்குறிச்சி மணல் ஒரு காரணமாக இருக்குமா? எங்கள் பக்கம் எந்த நோய் வந்தாலும் ஜனங்கள் மணலைத்தான் சொல்கிறார்கள். மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டால் தைராய்டு வரும் என்றும் ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் கிழங்கும் சாளைக்கறியும்தான்.

குலசேகரம் செவிலி · ஏப்ரல் 13, இரவு 10:20

மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது, நம் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல்தான். இதே போன்ற மணல் உள்ள கொல்லம் பக்கத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கிரேவ்ஸ் நோய்க்கு மணலைக் காரணமாகச் சொன்ன மருத்துவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

கிழங்கு விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மரச்சீனியில் உள்ள சயனைடுச் சேர்மங்கள் உடலுக்குள் போய் தயோசயனேட் ஆகின்றன. அது தைராய்டுக்கு அயோடின் போவதைத் தடுக்கும். அயோடின் குறைவான ஊரில், சரியாக வேகவைக்காத கிழங்கையே முழு உணவாகச் சாப்பிட்டால் கழுத்துக் கழலை வரும். டீச்சருக்கு வந்திருப்பது அதற்கு எதிர்ப்பக்கத்து நோய். கிழங்கை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றும் நம் வழக்கமே நல்ல வழக்கம். கூடவே கடல்மீனும் அயோடின் உப்பும் இருக்கும்போது பயப்பட வேண்டாம்.

ஆரல் காற்று · ஏப்ரல் 14, காலை 6:00

எல்லோரும் சேர்ந்து டீச்சரை நோயாளியாக்கிவிடாதீர்கள். நான் காய்ச்சலோடு ஓடியிருக்கிறேன், கால் வீக்கத்தோடு ஓடியிருக்கிறேன். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் நிறுத்தினால் ஆறு வருட உழைப்பு போய்விடும். தினம் 3 கிலோமீட்டராவது ஓடுங்கள். மனம் தளர்ந்தால்தான் உடல் தளரும்.

குளச்சல் 52 · ஏப்ரல் 14, காலை 6:35

ஆரல் தம்பி, இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதனால் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். எனக்கு 47 வயதில் இந்த நோய் வந்தது. வந்தது தெரியாமல் ஐந்து மாதம் ஓடினேன். ஒருநாள் காலை, துறைமுகத்தை ஒட்டிய சாலையில், நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல் இருந்தது. ஒரு துடிப்பு, இடைவெளி, மூன்று துடிப்பு, இடைவெளி. நிற்கப் பார்த்தேன், அதற்குள் விழுந்துவிட்டேன். வலையோடு கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினார்கள். இ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. அந்த நிலையில் உள்ளே ரத்தம் கட்டி, மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து, இதயத்துக்கு மருந்து, தைராய்டுக்கு மருந்து என்று ஒரு வருடம் போனது. என் மகள் அப்போது பிளஸ் டூ. தேர்வுக்குப் படிக்காமல் என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கால் வலி வேறு, இது வேறு. வலி நம்மிடம் பேசும். இந்த நோய் வெகுநாள் நம்மைப் புகழ்ந்துகொண்டே இருக்கும்.

ஆரல் காற்று · ஏப்ரல் 14, இரவு 8:10

அண்ணாச்சி, எனக்கு இது தெரியாது. நான் எழுதியதை எடுத்துவிடுகிறேன் என்று நினைத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். உங்கள் பதில் அதற்குக் கீழே இருப்பது நல்லது. டீச்சர், மன்னியுங்கள்.

முட்டம் கலங்கரை · ஏப்ரல் 16, காலை 11:00

தாமதமாகப் பார்த்தேன். அக்கா, நான் ஓடியிருக்கிறேன். எனக்கு 2016-இல் கிரேவ்ஸ், அப்போது 27 வயது, கல்லூரியில் 800 மீட்டர், 1500 மீட்டர் ஓடியவள். 14 மாதம் மாத்திரை. நிறுத்திய எட்டாவது மாதம் திரும்ப வந்தது. மாத்திரையை முடித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்படித் திரும்பும் என்று சொன்னார்கள். இரண்டாம் முறை, திருவனந்தபுரத்தில் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்டேன். அதன்பின் தைராய்டு ஏறக்குறைய வேலை செய்யாது. தினம் காலை வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, வாழ்நாள் முழுவதும். இன்று வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறேன், முட்டம் கலங்கரை விளக்கத்து ஏற்றம் உட்பட.

எனக்கு அப்போது தெம்பு கொடுத்தவர் கெயில் டெவர்ஸ் என்ற அமெரிக்க ஓட்டக்காரி. 1988-லிருந்தே அவருக்கு உடல் சரியில்லை, 1990-இல்தான் கிரேவ்ஸ் நோய் என்று கண்டுபிடித்தார்கள். சிகிச்சையின்போது பாதம் இரண்டும் வீங்கிப் புண்ணாகி, வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலைக்குப் போனது 1991-இல். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். 1996 அட்லாண்டாவில் மறுபடியும் தங்கம். பதக்கத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அந்த இரண்டு வருடத் தாமதம். உலகத்திலேயே வேகமான பெண்களில் ஒருத்திக்கே இரண்டு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால், நீங்கள் இரண்டு மாதம் தவறவிட்டதற்கு உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

சிகரெட் புகை உள்ள இடத்தில் நிற்காதீர்கள். இந்த நோயில் கண் பாதிப்பைப் புகை மோசமாக்கும். கண் உறுத்தல், இரட்டையாகத் தெரிவது, விழி முன்னால் தள்ளுவது எதுவாக இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

தக்கலை டீச்சர் · ஏப்ரல் 20, காலை 5:15

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். குளச்சல் அண்ணாச்சி எழுதியதைக் கேட்டதும் எழுந்து போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பயோட்டின் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. டி.எஸ்.எச். அதே 0.01-க்குக் கீழேதான்.

எனக்கு அதிகம் வலிப்பது எது என்று யோசித்தேன். மாரத்தான் போனது இல்லை. அதிகாலை போனதுதான். நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிறு நீண்ட ஓட்டத்தில் திருவட்டாறு பக்கம் போகும்போது ரப்பர் தோட்டங்களுக்குள் பால்வெட்டுகிறவர்களின் தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகரும். யாரோடும் பேசாமல் அந்த வெளிச்சத்தோடு ஓடுவேன். வீட்டில் மனைவி, அம்மா, மருமகள், பள்ளியில் டீச்சர். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் யாருக்கும் எதுவும் இல்லை. அதைத்தான் இழந்திருக்கிறேன்.

வடசேரி அண்ணாச்சி · ஏப்ரல் 20, காலை 6:20

அந்த ஒரு மணி நேரத்தை விடாதீர்கள். நடக்கவும் கூடாது என்றால் சானல் (வாய்க்கால்) கரையில் போய் உட்காருங்கள். வீட்டு வேலை அந்த நேரத்துக்குள் நுழைந்துவிட்டால் பிறகு வெளியே போகாது.

இயற்கை வழி · மே 3, மதியம் 2:15

ஆங்கில மருந்தை நிறுத்துங்கள். கொத்தமல்லி ஊறவைத்த தண்ணீர் 40 நாள் குடித்தால் தைராய்டு அடியோடு போய்விடும். எனக்குத் தெரிந்த பலருக்குச் சரியாகியிருக்கிறது.

குலசேகரம் செவிலி · மே 3, மாலை 5:00

கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பதில் ஆட்சேபம் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வதில் கடும் ஆட்சேபம் உண்டு. கிரேவ்ஸ் நோயில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தைராய்டுப் புயல் என்ற நிலை வரலாம்: கடும் காய்ச்சல், கட்டுக்கடங்காத துடிப்பு, நினைவு தப்புதல். உயிர் போகும். ‘தைராய்டு’ என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம். குறைவாகச் சுரப்பவருக்கும் கூடுதலாகச் சுரப்பவருக்கும் வைத்தியம் நேரெதிர். தெரியாதவர்கள் தயவுசெய்து மருந்தளவில் கை வைக்காதீர்கள்.

தக்கலை டீச்சர் · மே 29, இரவு 11:40

இன்று பயந்துபோனேன். மாலையில் தொண்டை வலி, 101 டிகிரி காய்ச்சல். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்ததால் இரவு மாத்திரையைத் தொடவில்லை. வெளியே மழை, கணவர் ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனார். ரத்தம் எடுத்து முடிவு வரும் வரை நாற்காலியில் உட்கார்ந்து பதினேழாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளணு 6,200. இயல்பு. சாதாரணக் காய்ச்சல்தான், நாளை முதல் மாத்திரையைத் தொடரலாம் என்றார்கள். செவிலி அக்கா, உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஒருநாள் பார்ப்பேன்.

தக்கலை டீச்சர் · ஜூலை 8, காலை 5:30

டி4 இயல்புக்கு வந்துவிட்டது. காலை நாடி 68. கார்பிமசோல் 15 மி.கி. ஆக இறங்கியிருக்கிறது. நடக்கலாம் என்று அனுமதி. டி.எஸ்.எச். இன்னும் 0.01-லேயே நிற்கிறது. அது ஏன்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எடை 57. ‘மறுபடி குண்டாகிவிட்டாயே, ஓட்டத்தை விட்டுவிட்டாயா’ என்று பிப்ரவரியில் புகழ்ந்த அதே ஆட்கள் கேட்கிறார்கள். நோயில் உருகியபோது கிடைத்த பாராட்டு, குணமாகும்போது பறிபோகிறது. நான் வலுவானவள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நேற்று பழைய சட்டை இறுகியதும் ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டேன்.

முட்டம் கலங்கரை · ஜூலை 8, காலை 9:10

அக்கா, சாப்பிடுங்கள். இறங்கிய அந்த 7 கிலோவில் உங்கள் தொடைத் தசையும் உண்டு. அது திரும்பி வராமல் ஓட்டம் திரும்பாது. மீன், முட்டை, பயறு, கஞ்சி எல்லாம் வேளாவேளைக்கு. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருங்கள். பத்து முறை எழ முடிகிறதா என்று பார்த்து அண்ணாச்சி சொன்ன நோட்டில் எழுதுங்கள். எனக்கு எடைத்தட்டைவிட இந்த நாற்காலிதான் உண்மை சொன்னது.

டி.எஸ்.எச். மெதுவாகத்தான் எழும். வெகுநாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி மறுபடி வேலைக்கு வர மாதங்கள் பிடிக்கும். அதுவரை மருத்துவர் டி4-ஐப் பார்த்துத்தான் அளவை மாற்றுவார்.

புரோப்ரனலால் சாப்பிடும் வரை கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். அந்த மருந்து துடிப்பை மேலே ஏறவிடாது. மூச்சு முட்டும்போதும் கடிகாரம் 120 என்று அமைதியாகக் காட்டும். பேச்சுதான் அளவு. நீங்கள் கணக்கு டீச்சர். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நடங்கள். வரிக்கு நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையையும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

தக்கலை டீச்சர் · செப்டம்பர் 21, காலை 6:45

ஓடினேன்.

புரோப்ரனலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இ.சி.ஜி. சரி, டி4 தொடர்ந்து மூன்று முறை சரி, நாற்காலி பத்து முறை சரி. நேற்று அனுமதி கிடைத்தது: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுச் சுற்று. பத்மநாபபுரம் கோட்டை மதிலை ஒட்டி. முதல் நிமிடத்தில் கால் என்னுடையதாகவே தெரியவில்லை. ஐந்தாவது சுற்றில் ஏதோ பழையது ஒன்று வந்தது. இரண்டு நிமிடம் நடக்க வேண்டிய இடத்தில் நிற்கத்தான் கஷ்டமாக இருந்தது, ஆனால் நின்றேன். பால்காரர் எதிரே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, மணியை மட்டும் இரண்டு முறை அடித்துவிட்டுப் போனார்.

குளச்சல் 52 · செப்டம்பர் 21, காலை 7:00

மகளிடம் காட்டினேன். அவள் இப்போது பிசியோதெரபி முடித்துவிட்டாள். ஒன்பதாவது சுற்றை ஓடாமல் விட்டதற்குத்தான் பாராட்டு என்கிறாள்.

வடசேரி அண்ணாச்சி · டிசம்பர் 28, இரவு 8:30

தங்கச்சி, ஜனவரி வருகிறது. சென்னைக்குப் பெயர் கொடுத்திருந்தீர்களா?

தக்கலை டீச்சர் · டிசம்பர் 29, காலை 5:20

கொடுக்கவில்லை. அலமாரியில் ஒட்டிய அட்டவணையைச் செப்டம்பரிலேயே எடுத்துவிட்டேன். எடுக்கும்போது அழுதேன். இப்போது 5 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, மொத்தம் 5 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். கார்பிமசோல் 5 மி.கி. டி.எஸ்.எச். 0.7 என்று முதல்முறையாக எழுந்திருக்கிறது. மாத்திரை மொத்தம் பதினெட்டு மாதம் என்று மருத்துவர் சொல்கிறார். அதன்பின் திரும்ப வருமா என்பதை யாராலும் இப்போது சொல்ல முடியாது. 42 கிலோமீட்டரை அதற்குப் பிறகு யோசிப்பேன். அல்லது யோசிக்காமல் விடுவேன். இரண்டில் எது என்று இன்று முடிவு செய்ய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மாரத்தான் நடக்கிற ஞாயிறு வீட்டில் உட்கார முடியாது என்று மட்டும் தெரிகிறது.

வடசேரி அண்ணாச்சி · டிசம்பர் 29, காலை 5:45

அப்படியானால் அந்த ஞாயிறு சுசீந்திரம் வாருங்கள். தெப்பக்குளத்துப் பக்கம் தொடங்கிப் பழையாற்றுக் கரை வழியாக 5 கிலோமீட்டர். காலை ஐந்து மணி. ஐந்து ஓட்டம், ஒரு நடை என்ற உங்கள் கணக்கிலேயே எல்லோரும் போவோம்.

முட்டம் கலங்கரை · டிசம்பர் 29, காலை 7:30

நானும் வருகிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

ஆரல் காற்று · டிசம்பர் 29, காலை 7:40

எனக்கும் இடம் உண்டா?

தக்கலை டீச்சர் · டிசம்பர் 29, காலை 7:55

உண்டு தம்பி, வாருங்கள். குலசேகரம் அக்கா, அன்று உங்களுக்கு இரவுப் பணி இல்லையென்றால் நீங்களும் வர வேண்டும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை. மாமியார் உங்களுக்காக அவித்த கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். தண்ணீரை வடித்துத்தான் வேகவைப்பாராம், அதையும் சொல்லச் சொன்னார்.